முதலில் பிஸ்டன், அப்புறம் போரிங்: பைக் இன்ஜினின் சிசியைக் கூட்டுவது எப்படி

சிலிண்டர் பிளாக்கைக் கழற்றிக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, "எவ்வளவு பெரிசா போக முடியுமோ அவ்வளவு போங்கண்ணே" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். சிலிண்டர் போரிங்தான், அதாவது சிலிண்டர் துளையை மெஷினில் வெட்டிப் பெரிசாக்குவதுதான், என் தொழில். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "பிஸ்டன் எங்கே?" பிஸ்டன் கையில் இல்லாமல் பிளாக்கை மெஷினில் ஏற்றுவதில்லை என்பது நான் விடாமல் பிடித்திருக்கும் வழக்கம். பெட்டியில் 53 என்று அச்சடித்திருக்கும் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் பிடித்தால் 52.97 காட்டும், இன்னொன்று 52.95 காட்டும். துளையின் அளவை முடிவு செய்வது அந்தக் கடைசி இலக்கம்தான்.

சிசி கூட்டும் வேலையில் மெஷின் ஓடும் நேரம் ரொம்பக் குறைவு. அதற்கு முன்னும் பின்னும் அளப்பதுதான் வேலை. வீட்டிலேயே இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர், போரிங்கை மட்டும் வெளியே கொடுப்பவர், இவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

கணக்கு

போரை போரால் பெருக்கி, அதை ஸ்ட்ரோக்கால் பெருக்கி, 0.7854-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் ஒரு சிலிண்டரின் சிசி வந்துவிடும். அளவுகள் மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். போர் என்பது சிலிண்டர் துளையின் விட்டம். ஸ்ட்ரோக் என்பது பிஸ்டன் உச்சியிலிருந்து அடிவரை நகரும் தூரம்.

50 மி.மீ. போர், 49.5 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள ஒரு சின்ன இன்ஜினை எடுத்துக்கொள்வோம். அது 97.2 சிசி. போரை 53 ஆக்கினால் 109.2 சிசி. அதாவது 3 மி.மீ. மாற்றத்தில் 12 சிசி கூடிவிட்டது. போரைத் தொடாமல் ஸ்ட்ரோக்கை மட்டும் கூட்டி அதே 109 சிசிக்குப் போக வேண்டுமானால் 55.5 மி.மீ. வேண்டும், அதாவது 6 மி.மீ. கூட்ட வேண்டும். போர் கணக்கில் இரண்டு முறை பெருக்கப்படுகிறது, ஸ்ட்ரோக் ஒரு முறைதான். அதனால்தான் பெரும்பாலானவர்கள் போரைப் பெரிசாக்கும் வழியில் போகிறார்கள்.

கம்பெனிகளும் இதைத்தான் செய்திருக்கின்றன. பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட் 350-இன் அளவு 70க்கு 90, அதாவது போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. அதன் 500 சிசி இன்ஜின் 84க்கு 90. கான்டினென்டல் ஜிடி 535 வந்தபோது 87க்கு 90. மூன்றிலும் ஸ்ட்ரோக் மாறவே இல்லை. ஹார்லி டேவிட்சன் ஸ்போர்ட்ஸ்டரில் 883-ஐ 1200 ஆக்குவது ரொம்பப் பழக்கமான வேலை. அங்கே போர் 76.2-இலிருந்து 88.9-க்குப் போகிறது, ஸ்ட்ரோக் இரண்டிலும் 96.8 தான். எதிர்த் திசையில் யமஹாவின் எஸ்ஆர்400, எஸ்ஆர்500 இரண்டையும் பாருங்கள். இரண்டுக்கும் போர் 87. முதலாவதன் ஸ்ட்ரோக் 67.2, இரண்டாவதன் ஸ்ட்ரோக் 84. உங்கள் இன்ஜினின் குடும்பத்தில் இப்படி ஒரு பெரிய அண்ணன் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் பாதி வேலையைக் கம்பெனி இன்ஜினியர்கள் ஏற்கனவே முடித்து வைத்திருப்பார்கள்.

எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 12 சதவீதம் சிசி கூடினால், நடு ஆர்பிஎம்மில் இழுவை ஏறத்தாழ அதே அளவுக்குக் கூடும். மேல் ஆர்பிஎம்மில் அவ்வளவு கூடாது. வால்வும் போர்ட்டும் (காற்று போய்வரும் வழி) கார்புரேட்டரும் பழைய அளவிலேயே இருப்பதால், பெரிய சிலிண்டர் கேட்கும் காற்றை அவற்றால் கொடுக்க முடியாது. உச்ச சக்தி வரும் ஆர்பிஎம் கொஞ்சம் கீழே இறங்கிவிடும். ஏற்றத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு போகும்போதும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். உச்ச வேகத்துக்காக மட்டும் இதைச் செய்ய நினைத்தால் ஹெட்டிலும் கேமிலும் தொடங்குவதே நல்லது.

பைக்கின் பதிவு ஆவணத்திலும் இன்சூரன்ஸிலும் சிசி எழுதியிருக்கும். சில நாடுகளில் ஓட்டுநர் உரிமத்தின் வகையே சிசியை வைத்துத்தான். உங்கள் ஊர்ச் சட்டம் இந்த மாற்றத்தை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

எல்லை எங்கே

ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது கிராங்க், அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு. கனெக்டிங் ராடை உச்சியில் நிறுத்தி, மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம். மேல் கீழ் ஆட்டம் கையில் துளியும் தெரியக்கூடாது. தெரிந்தால் ராடின் பெரிய முனை (கிராங்க் பக்க முனை) பேரிங் தேய்ந்திருக்கிறது. அதன் மேல் பெரிய பிஸ்டனை ஏற்றுவது பணத்தையும் இன்ஜினையும் சேர்த்து வீணாக்கும் காரியம். கிராங்கை முதலில் சரிசெய்யுங்கள்.

அப்புறம் பிளாக். வார்ப்பிரும்பு லைனர் (துளைக்குள் இறக்கிய குழாய்) போட்ட பிளாக்கா, அலுமினியத்தின் மேல் நிக்கல்-சிலிக்கான் பூச்சு உள்ள பிளாக்கா என்று தெரிந்துகொள்ள வேண்டும். உள்சுவரில் ஒரு காந்தத்தை வையுங்கள். நன்றாக ஒட்டினால் இரும்பு லைனர். ஒட்டவில்லை என்றால் பூச்சு. பூச்சுப் போட்ட பிளாக்கைச் சாதாரணமாக போர் பண்ணி அப்படியே ஓட்ட முடியாது. பூச்சு போய்விட்டால் கீழே இருப்பது மெத்தென்ற அலுமினியம், ரிங் அதை நாசமாக்கிவிடும். அதைப் பெரிசாக்கினால் மறுபடி பூச்சுப் போட்டு வைர ஹோனிங் (கல்லால் உள்சுவரைத் தேய்த்துச் சீராக்குவது) செய்ய வேண்டும், இல்லையென்றால் இரும்பு லைனர் இறக்க வேண்டும்.

இரும்பு லைனரில் எவ்வளவு வெட்டலாம்? பிளாக்கின் அடியில் கிராங்க் கேஸுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் லைனரின் தடிமனை வெர்னியரில் அளங்கள். போர் 3 மி.மீ. கூடினால் சுவர் எல்லாப் பக்கமும் 1.5 மி.மீ. குறையும். வெட்டி முடித்த பிறகு அந்த நீட்டலில் 2 மி.மீ. கூட மிஞ்சாது என்றால் நான் வேலையை எடுப்பதில்லை. பிஸ்டன் அடியில் வரும்போது அதன் பக்கவாட்டு உதை முழுக்க அந்த மெல்லிய வளையத்தில்தான் விழுகிறது. அது வெடித்தால் துண்டுகள் நேராகக் கிராங்குக்குள் போகும்.

சுவர் போதாதபோது பழைய லைனரை எடுத்துவிட்டு வெளிவிட்டம் பெரிய புதிய லைனர் இறக்கலாம். அலுமினிய பிளாக்கை அடுப்பில் 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் துளை விரிந்து லைனர் தானாக இறங்கும். ஆறியதும் இறுகிப் பிடிக்கும். அந்தப் பிடிப்புக்கு லைனர் துளையைவிட மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு பெரிசாக இருந்தே ஆக வேண்டும். அலுமினியம் இரும்பைவிட இரண்டு மடங்கு விரியக்கூடியது. குளிர்ந்த நிலையில் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும் லைனர், இன்ஜின் சூடானதும் தளர்ந்து ஆட ஆரம்பித்துவிடும்.

ஆனால் லைனர் தடித்தால் அது இறங்கும் கிராங்க் கேஸ் வாயும் பெரிசாக வேண்டும். அதற்கு இன்ஜினை முழுக்கப் பிரித்து, பேரிங்குகளை எடுத்து, கேஸை மெஷினில் ஏற்ற வேண்டும். கேஸ் பூட்டியிருக்கும்போதே வாயில் துணியை அடைத்துவிட்டுக் கையில் அரைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அலுமினியத் தூள் எண்ணெய் வழிகளுக்குள் புகுந்துவிட்டால் அதை எந்தத் துணியும் திருப்பித் தராது.

இன்னும் இரண்டு இடங்கள். ஒன்று, ஹெட்டைப் பிடிக்கும் நான்கு ஸ்டட்களுக்கும் துளைக்கும் நடுவே மிஞ்சும் உலோகம். இரண்டு, டைமிங் செயின் போகும் குழிக்கும் துளைக்கும் நடுவே உள்ள பாலம். கேஸ்கெட் உட்காருவது அந்தப் பாலத்தின் மேல்தான். அது மெலிந்தால் எரியும் வாயு முதலில் அங்கேதான் கசியும். கேஸ்கெட்டின் துளையும் புதிய போரைவிடச் சற்றுப் பெரிசாக இருக்க வேண்டும். பழைய கேஸ்கெட்டைப் போட்டால் அதன் உள்விளிம்பு எரியறைக்குள் நீட்டிக்கொண்டு, சூடேறிச் சிவந்து, பிளக் பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும்.

பிஸ்டனைத் தேர்ந்தெடுப்பது

வேறொரு மாடலின் பிஸ்டனைப் போடுவதாக இருந்தால் விட்டம் பொருந்தினால் மட்டும் போதாது. பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின்னின் விட்டம் உங்கள் கனெக்டிங் ராடின் சின்ன முனைக்குச் சரியாக இருக்க வேண்டும். பின்னின் மையத்திலிருந்து பிஸ்டனின் உச்சி விளிம்பு வரை உள்ள உயரம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். இது 1 மி.மீ. கூடினால் பிஸ்டன் பிளாக்கைத் தாண்டி எட்டிப் பார்க்கும், ஹெட்டில் மோதும். குறைந்தால் எரியறை பெரிசாகிவிடும். பிஸ்டனின் கீழ்ப்பக்கமான பாவாடைப் பகுதியின் (ஸ்கர்ட்) நீளத்தையும் பாருங்கள், அடியில் வரும்போது கிராங்க் சக்கரத்தில் இடிக்கக்கூடாது. வால்வுக்கு வெட்டியிருக்கும் குழிகள் உங்கள் வால்வுகளின் இடத்திலும் கோணத்திலும் இருக்க வேண்டும்.

எடை முக்கியம். பழைய பிஸ்டன், பின், ரிங், கிளிப் எல்லாவற்றையும் சேர்த்து எடை போடுங்கள். புதியதையும் அதேபோல. ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினின் கிராங்க் அந்தப் பழைய எடைக்காகச் சமன் செய்யப்பட்டது. சில கிராம் கூடினால் பரவாயில்லை. நிறையக் கூடினால் ஹேண்டில்பாரிலும் ஃபுட்ரெஸ்டிலும் அதிர்வாக வரும், மெயின் பேரிங்கும் சீக்கிரம் போகும்.

அடுத்தது கம்ப்ரஷன். போரை மட்டும் கூட்டி ஹெட்டை அப்படியே விட்டால் கம்ப்ரஷன் விகிதம் தானாக ஏறிவிடும். பிஸ்டன் அடியில் இருக்கும்போது உள்ள மொத்த இடம், உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடத்தைப்போல எத்தனை மடங்கு என்பதுதான் அந்த விகிதம். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. நம் 97.2 சிசி இன்ஜினின் விகிதம் 9க்கு 1 என்று வைப்போம். 97.2-ஐ 8-ஆல் வகுத்தால் 12.15. அதுதான் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடம். இப்போது 109.2-ஐயும் 12.15-ஐயும் கூட்டி 12.15-ஆல் வகுங்கள். 9.99 வரும். ஒன்றுமே செய்யாமல் 9 என்பது 10 ஆகிவிட்டது. நல்ல பெட்ரோலும் சரியான டைமிங்கும் இருந்தால் காற்றால் குளிரும் இன்ஜின் இதைத் தாங்கலாம். ஆனால் இதற்கு மேல் போர் கூடினால், அல்லது பிஸ்டனின் தலை மேடாக இருந்தால், நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) வரும்.

இது தாளில் போட்ட கணக்கு. உண்மையான இடத்தை அளக்க ஒரு ப்யூரெட்டும் மெல்லிய எண்ணெயும் போதும். வால்வும் பிளக்கும் பூட்டிய ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, நடுவில் ஓட்டை போட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டை விளிம்பில் கிரீஸ் தடவி ஒட்டுங்கள். ப்யூரெட்டிலிருந்து குமிழி இல்லாமல் நிரம்பும்வரை எண்ணெய் விடுங்கள். எத்தனை மில்லிலிட்டர் இறங்கியதோ அத்தனை சிசி. பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது பிளாக்கின் மேல் மிஞ்சும் இடத்தையும் இதேபோல அளந்து, கேஸ்கெட்டின் தடிமன் தரும் இடத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

விகிதம் அதிகமாக வந்தால் தடித்த கேஸ்கெட் போட்டுக் குறைக்கலாம் என்பார்கள். 53 மி.மீ. போரில் 1 சிசி கூட்ட கேஸ்கெட் சுமார் 0.45 மி.மீ. தடிக்க வேண்டும். ஆனால் அப்படிச் செய்தால் பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி பெரிசாகிவிடும். கலவையை ஓரத்திலிருந்து பிளக் பக்கம் தள்ளிச் சுழலவிடும் இடைவெளி அது. சின்ன இன்ஜின்களில் 0.8-இலிருந்து 1 மி.மீ.க்குள் இருந்தால் நன்றாக எரியும். அதனால் பிஸ்டனின் தலையிலிருந்து உலோகத்தை எடுப்பதையோ, குழிந்த தலையுள்ள பிஸ்டனை வாங்குவதையோதான் நான் சொல்வேன். 883 ஸ்போர்ட்ஸ்டரின் ஹெட்டை மாற்றாமல் 1200 ஆக்குபவர்கள் குழிந்த பிஸ்டன் போடுவது இதற்காகத்தான்.

போரிங், ஹோனிங்

பிஸ்டனை எங்கே அளப்பது என்பதில் ஆரம்பித்தால் பாதிப் பிரச்சினை தீரும். பிஸ்டன் உருளையாகத் தெரிந்தாலும் உருளை அல்ல. பின் போகும் திசையில் குறுகலாக, அதற்குக் குறுக்கே அகலமாக, தலைப்பக்கம் சிறுத்து, பாவாடைப்பக்கம் விரிந்து இருக்கும். தலை அதிகம் சூடாகும், அதிகம் விரியும் என்பதால் இப்படிச் செய்கிறார்கள். பின்னுக்குக் குறுக்காக, பாவாடையின் அடியிலிருந்து தயாரிப்பாளர் சொல்லும் உயரத்தில் மைக்ரோமீட்டரைப் பிடிக்க வேண்டும். பல பிஸ்டன்களுக்கு அது 10 மி.மீ. அளவில் இருக்கும்.

அந்த அளவோடு இடைவெளியைக் கூட்டினால் துளையின் கடைசி அளவு. வார்ப்பு பிஸ்டனுக்கு, இந்த அளவுள்ள சின்ன இன்ஜினில், 0.03 மி.மீ.யை ஒட்டி வைப்பேன். ஃபோர்ஜ்டு பிஸ்டன் அதிகம் விரியும், அதற்கு 0.05 அல்லது அதற்கு மேலும் வேண்டும். பிஸ்டனோடு வரும் தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை. 53 மி.மீ. அலுமினியம் 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.12 மி.மீ. விரியும். அதே சூட்டில் இரும்பு லைனர் 0.06 தான் விரியும். இடைவெளி பத்தாவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதிகமானால் குளிரில் தட்டும், ரிங் ஆடும், எண்ணெய் எரியும்.

போரிங் மெஷினில் கடைசி அளவுக்கு வெட்டக்கூடாது. 0.05-இலிருந்து 0.08 மி.மீ. வரை ஹோனிங்குக்கு விட வேண்டும். வெட்டும் டூல் சுவரில் கிழிந்த மேற்பரப்பை விட்டுச்செல்லும், ஹோனிங் கல் அதை எடுத்து, குறுக்கு மறுக்காகக் கோடுகள் போடும். அந்தக் கோடுகளில்தான் எண்ணெய் தங்கும். மேலிருந்து அடிவரை கோடுகள் ஒரே சீராக, ஏறத்தாழ 45 டிகிரியில் ஒன்றையொன்று வெட்ட வேண்டும். பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்கும் துளையில் ரிங் உட்காராது. வேலையைத் திருப்பி வாங்கும்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து இந்தக் கோடுகளைப் பாருங்கள்.

துளையை மேல், நடு, அடி என மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்காக இரண்டு திசைகளில் போர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். ஆறு அளவுகளுக்கும் நடுவே 0.01 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் எனக்குத் திருப்தி வராது. ஹோன் பண்ணிய பிளாக் சூடாக இருக்கும், அப்போது எடுக்கும் அளவு பொய். ஓர் இரவு பிஸ்டனும் பிளாக்கும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கட்டும். காலையில் அளந்து பார்த்துவிட்டுத்தான் கடைசித் தடவல். போல்ட் இறுக்கும்போது துளை நெளியும் இன்ஜின்களில், ஹெட்டுக்குப் பதில் ஒரு கனமான தகட்டைப் பூட்டி இறுக்கிவிட்டு ஹோன் பண்ணினால் வட்டம் வட்டமாகவே நிற்கும். துளையின் மேல், கீழ் விளிம்புகளில் கூர்மை போகச் சின்னச் சரிவு கொடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது கழுவுவது. நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். ஹோனிங் கல்லின் தூள் அந்தக் கோடுகளுக்குள் பொதிந்து கிடக்கும். பெட்ரோலில் துடைத்தால் அது போகாது, எண்ணெய் மட்டும் கரைந்து தூள் அங்கேயே தங்கிவிடும். வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் பிரஷும் போட்டுத் தேயுங்கள். அலசுங்கள், மறுபடி தேயுங்கள். வெள்ளைத் துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டு உள்ளே துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் ஏறினால் இன்னும் கழுவ வேண்டும். துணி வெள்ளையாகவே வரும் வரைக்கும் இதுதான் வேலை. காய்ந்த உடனே எண்ணெய் தடவுங்கள். வெறும் இரும்பு நிமிடக் கணக்கில் துருப்பிடிக்கும்.

டூ-ஸ்ட்ரோக் பிளாக் என்றால் இன்னொன்று சேரும். போர் கூடியதும் போர்ட்களின் விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாகிவிடும். அதைச் சரிவாக மழுக்காமல் பூட்டினால் ரிங் அதில் மாட்டி உடையும்.

ரிங், பூட்டுதல்

ஒவ்வொரு ரிங்கையும் தனியாகத் துளைக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் நேராகக் கீழே தள்ளி, முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜில் அளங்கள். போரில் 25 மி.மீ.க்கு 0.1 மி.மீ. என்பது பழைய கணக்கு. 53 மி.மீ. போருக்கு 0.2-க்குக் குறையக்கூடாது. குறைந்தால் மெல்லிய அரத்தால் முனையை, வெளிமுகத்திலிருந்து உள்நோக்கி மட்டும் ராவ வேண்டும். சூட்டில் ரிங் விரிந்து இரண்டு முனைகளும் முட்டிக்கொண்டால் ரிங் சுவரைக் கீறி, உடைந்தே போகும். எழுத்துப் போட்ட பக்கம் மேலே. முனைகள் ஒன்றன் மேல் ஒன்று வராமல் சுற்றிலும் பிரித்து வையுங்கள்.

பிஸ்டன் பின்னின் கிளிப் புதியதாகவே இருக்க வேண்டும். அதைப் போடும்போது கிராங்க் கேஸ் வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். கிளிப்பின் திறந்த பக்கம் மேலே அல்லது கீழே வரட்டும், பக்கவாட்டில் வேண்டாம். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி அல்லது எழுத்து எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதை உங்கள் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெட்டைக் கடைசியாக இறுக்குவதற்கு முன் ஒரு சோதனை. பிஸ்டன் தலையில் வால்வுக் குழிகள் மேல் களிமண்ணை மெல்லிய தட்டாக ஒட்டி, மேலே கொஞ்சம் எண்ணெய் தொட்டு, நடுவிலும் ஓரத்திலும் ஈயக் கம்பித் துண்டு இரண்டை கிரீஸில் நிறுத்தி, ஹெட்டைப் பூட்டி, டைமிங் செயினையும் போட்டு, இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். தடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள், அழுத்தாதீர்கள். அப்புறம் கழற்றி, களிமண்ணில் பதிந்த இடத்தின் மிச்சத் தடிமனை அளந்தால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள தூரம். இன்டேக்கில் 1 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 1.5 மி.மீ. இருந்தே ஆக வேண்டும் என்று வைத்திருக்கிறேன். எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடாகி நீளும், பிஸ்டன் அதைத் துரத்திக்கொண்டுதான் மேலே வருகிறது. நசுங்கிய ஈயத்தின் தடிமன் ஓர இடைவெளியைச் சொல்லிவிடும்.

எல்லாம் சரி என்றால் புதிய கேஸ்கெட் போட்டு, மேனுவலில் உள்ள டார்க்குக்கு, குறுக்கு மூலைகளாக, இரண்டு மூன்று கட்டங்களில் இறுக்குங்கள்.

ஸ்ட்ரோக்கைத் தொடுவது

கிராங்க் பின்னின் மையத்தை 1 மி.மீ. வெளியே தள்ளினால் ஸ்ட்ரோக் 2 மி.மீ. கூடும். பிஸ்டன் மேலேயும் 1 மி.மீ. அதிகம் போகும், கீழேயும் 1 மி.மீ. அதிகம் இறங்கும். மேலே போவதை ஈடுகட்ட பிளாக்கின் அடியில் அதே தடிமனில் தகடு வைக்க வேண்டும், அல்லது தலை உயரம் குறைந்த பிஸ்டன் வேண்டும். பிளாக் உயர்ந்தால் டைமிங் செயினின் கணக்கு மாறி கேம் டைமிங் பின்னுக்குப் போகும். கீழே இறங்குவதால் பாவாடை கிராங்க் சக்கரத்தில் இடிக்கலாம். ராடின் பெரிய முனை கேஸின் உள்சுவரைத் தொடலாம்.

கிராங்கை அழுத்திப் பிரித்து மறுபடி சேர்த்த பிறகு, வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் ஓட்டம் (சுழலும்போது வரும் கோணல்) பார்த்து, 0.02 அல்லது 0.03 மி.மீ.க்குள் கொண்டுவர வேண்டும். செம்பு சுத்தியலால் தட்டித் தட்டிச் செய்கிற, நிறையக் கைப்பழக்கம் கேட்கிற வேலை அது. பிஸ்டனின் வேகமும் கூடும். 49.5 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 8,000 ஆர்பிஎம்முக்கு சராசரி வேகம் வினாடிக்கு 13.2 மீட்டர். 55.5 ஆக்கினால் 14.8. ராடும் பின்னும் பேரிங்கும் அந்த வித்தியாசத்தைச் சுமக்க வேண்டும். தினமும் ஓட்டும் வண்டிக்கு ஸ்ட்ரோக்கைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. அதே குடும்பத்தின் பெரிய மாடலிலிருந்து கிராங்கும் பிளாக்கும் செட்டாகப் பொருந்துமானால் தாராளமாகச் செய்யலாம்.

எரிபொருளும் பொறியும்

கார்புரேட்டர் வண்டியில் சின்ன மாற்றத்துக்குப் பழைய கார்புரேட்டரே போதும். மெயின் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளையுள்ள திருகு) ஒன்று இரண்டு எண் மேலே போட்டு ஆரம்பியுங்கள். அதிகம் குடித்தால் பிளக் கருக்கும், அதைக் குறைத்துக்கொள்ளலாம். குறைவாகக் குடித்தால் பிஸ்டன் ஓட்டையாகும். அதனால் எப்போதும் பெட்ரோல் அதிகமான (ரிச்) கலவைப் பக்கத்திலிருந்தே கீழே இறங்குங்கள். பிளக்கின் நிறத்தை மட்டும் நம்புவதைவிட வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் ஒன்றை இரவல் வாங்கியாவது பொருத்திப் பாருங்கள். முழு த்ராட்டிலில் காற்று-எரிபொருள் விகிதம் 12.5-க்கும் 13-க்கும் நடுவே இருந்தால் நல்லது.

ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் "இசியு தானே சரிசெய்துகொள்ளும்" என்று சொல்வது முழு உண்மை அல்ல. (இசியு என்பது பெட்ரோலையும் பொறியையும் கட்டுப்படுத்தும் சின்னக் கணினி.) வண்டியோடு வரும் ஆக்ஸிஜன் சென்சார் 14.7-ஐச் சுற்றி மட்டும்தான் திருத்தும், அதுவும் சீராக ஓடும்போது. முழு த்ராட்டிலில் இசியு தன் பழைய அட்டவணையைப் பார்த்துத்தான் பெட்ரோல் விடும், அந்த அட்டவணை பழைய சிசிக்காக எழுதியது. மேப்பை மாற்றி எழுத வேண்டும். இன்ஜெக்டர் உச்ச ஆர்பிஎம்மில் 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்தே இருக்கிறது என்றால் பெரிய இன்ஜெக்டர் வேண்டும்.

கம்ப்ரஷன் ஏறியிருந்தால் கலவை வேகமாக எரியும், பொறியை ஓரிரு டிகிரி பின்னுக்குத் தள்ள வேண்டியிருக்கலாம். ஏற்றத்தில் பெரிய கியரில் இழுக்கும்போது உள்ளே டிக் டிக் என்று உலோகச் சத்தம் கேட்டால் உடனே த்ராட்டிலை விடுங்கள்.

கிளட்ச் வழுக்கினால் கொஞ்சம் கடினமான ஸ்பிரிங் போதும். இழுவை கூடியிருப்பதால் முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் அதே வேகத்தில் இன்ஜின் நிதானமாக ஓடும்.

முதல் ஓட்டம்

பிளக்கைக் கழற்றிவிட்டு, எண்ணெய் ஹெட்டுக்கு ஏறும்வரை கிக் அடியுங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஐட்லிங்கில் விடாமல், சூடேறியதும் அணைத்து முழுக்க ஆறவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை. பிறகு ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் போகாமல், பாதி த்ராட்டில் வரை ஏற்றி, விட்டு, மறுபடி ஏற்றி ஓட்டினால் ரிங் சுவரில் நன்றாகப் படியும். த்ராட்டிலை விடும்போது உள்ளே உறிஞ்சும் வெற்றிடம் சுவருக்கு எண்ணெயை இழுத்துவரும். இந்தக் கட்டத்தில் சாதாரண மினரல் ஆயிலே சரி.

முதல் நாள் ஓட்டம் முடிந்ததுமே அந்த எண்ணெயை மாற்றிவிடுங்கள். வடித்த எண்ணெயை வெயிலில் பிடித்துப் பாருங்கள். மெல்லிய வெள்ளிப் பளபளப்பு இருக்கும், அது ரிங்கும் கோடுகளும் பழகும்போது வருவது. விரலில் தட்டுப்படும் துண்டுகள் இருந்தால் வண்டியை எடுக்காமல் பிரித்துப் பாருங்கள். இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகு, உங்கள் மேனுவல் அனுமதித்தால் ஹெட் நட்களை ஒருமுறை டார்க் பார்த்து, வால்வு கிளியரன்ஸையும் சரிசெய்யுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து கிக் அடித்து, கேஜ் காட்டும் அளவை போர் அளவு, பிஸ்டன் அளவு, ரிங் இடைவெளி, ஜெட் எண் இவற்றோடு சேர்த்து எழுதி வண்டியின் காகிதங்களோடு வையுங்கள். அடுத்து அந்த பிளாக்கை மெஷினில் ஏற்றப்போகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.